அவர் தேடிய பிள்ளை

அந்தப் பொய் முறைப்பாட்டை எழுதியவன் நான்தான்.

குணம் அங்கிள் கார் ஓட்டத் தகுதியில்லாதவர், வீதியில் ஒரு பிள்ளையை அடிக்கப் பார்த்தார் என்று பெயர் போடாமல் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அப்படி ஒரு பிள்ளை இல்லை. இருந்ததே இல்லை!

இதை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். ஏன் உங்களுக்கு? உங்களை எனக்குத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கிரவீன் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து இருபத்துநான்கு வருடங்கள், நடுவில் ஒரு மரவேலி மட்டும். அந்த வீதியில் அவருடைய வெள்ளைக் காரில் ஏறாத தமிழர் இல்லை. விமான நிலையமா, ஆஸ்பத்திரியா, குணம் அங்கிளைக் கூப்பிடு. வாரம்தோறும் குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுத்து வைக்கும்போது என் வீட்டுத் தொட்டியையும் சேர்த்து இழுத்து வைப்பார். நான் கேட்டதில்லை. நன்றி சொன்னதும் குறைவு.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கு செவன் ஹில்ஸில் பக்டரி வேலை, ஷிப்ட். இரண்டு வருடம் அம்மாவைக் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் அவர்தான்.

கடைசியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தா. கட்டிலின் அருகே நான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டா...

"குணம் வந்திட்டாரோ?"

அதுதான் அவ கடைசியாகப் பேசியது.

செத்த வீட்டில் சனம் முதலில் அவர் கையைத்தான் பிடித்தது. ஒரு மனிசி என் பக்கத்தில் நின்றுகொண்டே தேத்தண்ணியை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னா, "பெத்த பிள்ளையே இப்பிடிப் பாக்காது. குணம் அங்கிள்தான் உண்மையான மகன்."

நான் அங்கேதான் நின்றேன்!

உங்களுக்கு விளங்குகிறதா? விளங்காவிட்டாலும் பரவாயில்லை. நான் நியாயம் கேட்க வரவில்லை. ஒரு மனிதன் நல்லவனாக இருந்ததற்காக அவனை வெறுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் அவர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது என் பச்சைக் குப்பைத் தொட்டியில் தட்டிவிட்டார். மூடி உடைந்தது. அவ்வளவுதான். உடனே வந்து மன்னிப்புக் கேட்டார். கவுன்சிலுக்குத் தானே போன் பண்ணிப் புதுத் தொட்டியும் எடுத்துத் தந்தார்.

மறுநாள் வேலையில் சாப்பாட்டு நேரம். கையில் பாண், மற்றக் கையில் போன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குப்பைத் தொட்டியைப் பிள்ளையாக்கினேன். 'ஒரு சிறு பிள்ளை மயிரிழையில் தப்பியது. ஓட்டிய முதியவர் அதைக் காணவேயில்லை' என்று எழுதினேன். அனுப்பிவிட்டு மிச்சப் பாணையும் சாப்பிட்டேன்.

என்ன நினைத்தேன்? ஒரு கடிதம் வரும், டொக்டரிடம் போவார், கொஞ்சம் அலைவார், கொஞ்சம் அவமானப்படுவார்... அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு.

கடிதம் வந்தது. காரை ஓட்டித் தகுதியைக் காட்டு, டொக்டரின் சான்றிதழ் கொண்டுவா என்று. நான் எழுதிய அந்த வரியும் அதில் இருந்தது. டொக்டர் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டி, ஓட்டிக் காட்டி, எழுதினவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்திருப்பான். நான் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் நம்பிவிட்டார்!

லைசென்ஸைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிறகு அந்தப் பிள்ளையைத் தேடத் தொடங்கினார். வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒவ்வொரு கதவாகத் தட்டினார். வெள்ளைக்காரர் வீடு, லெபனான்காரர் வீடு, எங்கள் ஆட்கள் வீடு. மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். கடைசியில் என் கதவுக்கு வந்தார்.

"தம்பி, எந்த வீட்டுப் பிள்ளை எண்டு உமக்குத் தெரியுமே?"

"தெரியாது அங்கிள். விடுங்கோ. டொக்டர் கண் நல்லா இருக்கெண்டுதானே சொன்னவர்?"

"ஓம். கண் நல்லா இருந்தும் காணேல்லையே, அதுதான் பயமாக் கிடக்கு."

"ஆரோ விசரன் பொய்யா எழுதியிருப்பான்."

அவர் சிரித்தார். "சீச்சீ. பொய் எழுத என்னில ஆருக்குத் தம்பி அவ்வளவு கோவம்?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் அவரும் நானும் மட்டும்தான். வாயைத் திறந்தேன்... "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

அந்த நாட்களில் அன்ரி, அவருடைய மனைவி, ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தா. நினைவு போய்விட்டது. ஆளை அடையாளம் தெரியாது, ஆனால் மத்தியானச் சாப்பாட்டை அவர் கையால் கொடுத்தால் மட்டும் வாங்குவா. காரில் கால் மணித்தியாலம். பஸ் என்றால் இரண்டு மாறவேண்டும். முதல் பஸ் பிந்தினால் மற்றது போய்விடும். அவர் போய்ச் சேரும்போது பல நாட்களில் தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போதே தெரியும். நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரை அன்ரியிடம் கூட்டிப் போகத் தொடங்கினேன். காரில் பக்கத்தில் இருந்துகொண்டு தெருவோரத்தையே பார்ப்பார். சைக்கிளில் ஒரு பிள்ளை போனால், "மெதுவா, மெதுவா" என்பார். கோயிலில் சனம் என்னிடம் சொன்னது: "குணம் அங்கிளுக்கு நீர் ஒரு மகன்தான்."

எந்தச் சொல்லுக்காக நான் எரிந்தேனோ அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

ஒரு குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் மழையில் நனைந்து அவருக்கு நெஞ்சுச் சளி. இரண்டு கிழமை எழும்பவில்லை. அந்த இரண்டு கிழமைக்குள் அன்ரி போய்விட்டா. வயது போன மனிசி, எப்படியும் போயிருப்பா என்று என் மனைவி சொன்னா. இருக்கலாம். நான் கொன்றேன் என்று சொல்லமாட்டேன்... சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. குப்பைத் தொட்டிகளை மட்டும் இழுத்து வைத்தார். இரண்டு வீட்டுத் தொட்டிகளையும்.

சென்ற வருடம் அவரும் போனார். மெல்பேர்னில், கிரெய்கிபர்ன் பக்கம் இருக்கும் அவருடைய மகன் வந்து வீட்டை ஒதுக்கிக் காலி செய்தான். போகும் நாளில் என்னிடம் ஒரு பெட்டியைத் தந்தான். பரிசுத் தாளில் சுற்றிய கலர் பென்சில் பெட்டி. மேலே ஒரு அட்டை. அவருடைய கையெழுத்து, ஆங்கிலத்தில். 'குட்டி, நான் உன்னைக் காணாமல் வந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்' என்று.

"அப்பா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர் அண்ணா. நீங்கள் இந்த றோட்டில இருக்கிறியள், எண்டைக்காவது அந்தப் பிள்ளை ஆரெண்டு தெரியவரும், கட்டாயம் குடுப்பியள் எண்டு சொன்னவர். He really trusted you."

மீண்டும் ஒரு வாசல். மீண்டும் இரண்டே பேர். அவனுடைய கண் அவருடைய கண்ணைப் போலவே இருந்தது.

"சரி" என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுங்கள். அந்த மனிதன் ஒருமுறைகூடத் திட்டவில்லையே! திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, சண்டை பிடித்து, எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனோ... தெரியாது. இதிலும் அவரில் பிழை பிடிக்கப் பார்க்கிறேன், பாருங்கள். களைத்துப்போனேன்.

பெட்டி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. எறியவும் முடியாது, கொடுக்கவும் ஆள் இல்லை. போன கிழமை தூசி தட்டும்போது மனைவி அதை எடுத்தா.

"ஆருக்கப்பா இது?"

"ஒரு பிள்ளைக்கு" என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கு?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. நான் வெளியே போய்த் தொட்டிகளை உள்ளே இழுத்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் தொட்டிகள் வாசலிலேயே நின்றன.