ஓம் என்று சொல்லாத மேளக்கச்சேரி

தவிலின் வாரை இழுத்து இறுக்கிவிட்டுக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் என் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடுகிறது. எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றுதான் அதிர்கிறது.

அறுபதுகளில், யாழ்ப்பாணத்து அரியாலையிலிருந்து சாவகச்சேரிப் பக்கத்துக் கோயிலொன்றுக்குப் பகல் மேளம் கேட்கப் போனோம். சைக்கிள் என் கூட்டாளியுடையது. அவன் மிதித்தான், நான் முன்பாரில் குந்தியிருந்து ஹாண்டிலில் தாளம் போட்டேன். அவனுடைய சாதியைக் கோயிலுக்குள் விடாத காலம்.

"அங்கை என்னை ஆருக்கடா தெரியும்? இண்டைக்குக் கிட்ட இருந்து கேக்கப் போறன்," என்று வழியெல்லாம் சிரித்தான். இருவருக்கும் ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரித் திருநீறு.

வாசலில் நின்ற பெரியவர் என் முகச்சாடையில் என் தகப்பனைக் கண்டுகொண்டார். பிறகு அவனைப் பார்த்தார்.

"தம்பி, உவர் உங்கடை ஆளோ?"

ஓம், எங்கடை ஆள்தான் என்றிருந்தால் போதும். என் வாய், "சைக்கிள் மிதிச்சு வந்தவர்," என்றது.

அவன் மதிலைச் சுற்றி வெளிப்பக்கமாகப் போனான். நான் முன்னுக்குப் போய் இருந்தேன். தனித்தவில் உச்சத்துக்கு ஏறச் சபையே தலையாட்டியது. என் கை மட்டும் தாளத்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பும்போதும் அவன்தான் மிதித்தான். என் வீட்டு ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டு, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சொன்னான்:

"வெளியிலை நல்லாத்தான் கேட்டுது மச்சான். அடுத்த திருவிழாவுக்கு மிதிக்க வேறை ஆரையும் பார்."