வாழைநார்க் கயிறும் கனகசூரியமும்

2022 ஒக்டோபர் 3: கயிற்றுக் கம்பனி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது, 1,850,000 ரூபா.
2023 ஏப்ரல் 24: கடல் பரீட்சைக்காகக் கனகசூரியத்துக்கு, 60,000 ரூபா.
2023 மே 9: சவப்பெட்டியும் ஊர்தியும், 92,000 ரூபா.
2023 மே 12: எரிந்த வாடியும் வலையும், 740,000 ரூபா.

கனகசூரியம் குருக்கள்மடம் என்ற கடலோர ஊரில், கரையில் நின்று இழுக்கும் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி. கோபக்காரர், கஞ்சனல்ல. கம்பனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த புதுக் கயிற்றை முதலில் இழுத்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர் அவர்தான். வாழைநாரைப் பிசினில் தோய்த்து முறுக்கிய கயிறு அது. கடலில் தொலைந்தால் நைலோனைப்போலக் கிடக்காது, உக்கிப் போகும்.

இந்தக் கரையில் புதுக் கயிற்றை யாரும் நேரே கடலில் இறக்குவதில்லை. வாவிச் சேற்றில் மூன்று நாள் தாழ்த்தி வைப்பார்கள். தென்னந்தும்புக் கயிறு அப்படி ஊறித்தான் இறுகும். தும்பு போய் நைலோன் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வாழைநார்க் கயிற்றையும் கனகசூரியம் அப்படியே தாழ்த்தினார். பல்கலைக்கழகத்தில் கயிற்றைச் செய்த விரிவுரையாளர் ஸாஹிர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, கனகசூரியமும் சொல்லவில்லை. அரிசியைக் கழுவித்தான் உலையில் போடுகிறோம் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

மே 8 காலை உழவு இயந்திரத்தில் பூட்டிய சுருளி, புதுக் கயிற்றைச் சுற்றி வலையை இழுத்துக்கொண்டிருந்தது. கனகசூரியத்தின் தங்கை றஞ்சிதாவின் புருஷன் துசாந்தன் கயிற்றோரம் நின்றான்.

"மச்சான், இதில வாழப்பழம் காய்க்குமாகா?"

"காய்ச்சா முதல் சீப்பு உனக்குத்தான். தள்ளி நில்லு."

அவன் தள்ளி நிற்கவில்லை. கயிறு அறுந்து, நுனி திரும்பி வந்து, அவன் தாடையையும் கழுத்தையும் ஒரே அடியில் உடைத்தது. தலை துண்டானதாகப் பத்திரிகை எழுதியது. அது பிழை.

மறுநாள் சவக்காலையில், மண் போட்டு முடியுமுன்னே, துசாந்தனின் தமையன் பேரின்பராசா மண் அள்ளிய சவளால் கனகசூரியத்தின் வாயில் அடித்தான். மூன்று பற்கள் போயின.

"கம்பனிக் காசுக்கு என்ட தம்பிய வித்துப்போட்டாய்."

பன்னிரண்டாம் தேதி, கரையில் வலை வைக்கும் கொட்டிலான வாடி எரிந்தது. கனகசூரியம் அதைப் பற்றி முறைப்பாடு செய்யவில்லை. அவருக்கு வலித்தது றஞ்சிதா வேலிக் கடப்பில் மறித்துக் கேட்டதுதான்.

"சேத்தில போட்டதாலயா அறுந்த?"

"தெரியாது, புள்ள."

"தெரிஞ்சாப்போல வா. அதுவரைக்கும் இஞ்சால கால் வைக்காத."

அடுத்த கிழமை கம்பனியின் லொறி மிச்சக் கயிற்றை ஏற்ற வந்தது. அது போனால் காரணமும் போய்விடும் என்று கனகசூரியத்துக்கு விளங்கியது. மீன் வெட்டும் கத்தியோடு குறுக்கே நின்றார். லொறியில் வந்தவர்களில் ஒருவனின் முன்கை கிழிந்தது. மற்றவன் இரும்பு அலவாங்கால் அடித்ததில் அவருடைய காறை எலும்பு முறிந்தது. விழுந்தவர், ஏற்கனவே அறுத்து வைத்திருந்த துண்டொன்றை வயிற்றுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, முதுகில் உதை விழ விழக் கிடந்தார். அந்தத் துண்டு மட்டும் தப்பியது.

அதை ஸாஹிரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அண்ணன், கம்பனி ஆராய்ச்சிய நிப்பாட்டிட்டு. நான் களவாத்தான் இழுத்துப் பாக்கணும்," என்றார் ஸாஹிர். "ஊறினதாலதான் அறுந்ததெண்டு வந்தா?"

"வரட்டும், சேர். தெரியாதெண்டு திருப்பித் திருப்பி அவளுக்குச் சொல்ல ஏலாம கிடக்கு."

கம்பனி எழுதிய முதற் கடிதத்தில் 'எதிர்பாராத விபத்து' என்று மட்டும் இருந்தது. ஸாஹிரின் கடிதம் பிந்தி வந்தது. சேற்றில் ஊறிய துண்டு, பல்கலைக்கழகத்தில் மிஞ்சியிருந்த காய்ந்த துண்டு தாங்கிய பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. மூன்று நாள் சேற்றில் கிடந்ததில் பிசின் கரைந்திருக்கிறது. ஊறவைத்துச் சோதிக்காதது தன்னுடைய பிழை என்று தன் பெயர் போட்டு எழுதியிருந்தார்.

கனகசூரியம் அதைக் கடப்பில் நின்று உரத்து வாசித்தார். றஞ்சிதா கடைசி வரை கேட்டாள். பிறகு விறகுக் கட்டையை எடுத்து, முறிந்து பொருந்தியிருந்த தோளிலேயே அடித்தாள். இரண்டாவது அடிக்கு அவர் முழந்தாளில் விழுந்தார். கையைத் தூக்கவில்லை.

"மறுகா என்னத்துக்குக் கொண்டந்த? கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"கேட்டது நீதானே."

கட்டை அவள் கையிலேயே இருந்தது.

"ரத்தம் வடியிது. உள்ள வந்து கழுவு."

கடிதம் வந்தது 2024 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை.