புறப்படும் இடம் தாராவி

பிஎச்.டி முடித்து போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலைகளுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, நோட்டில் நான் முதலில் எழுதியது ஆராய்ச்சித் தலைப்புகளை அல்ல, ரயில் நேரங்களை. கேள்விப்பட்டு என் கைடு சிரித்தார்.

"இடத்தைப் பாத்தா சயின்ஸ் பண்ணுவா? நல்ல லேப் எங்கே இருக்கோ அங்கே போகணும். பேசாம ஜெர்மனிக்கு அப்ளை பண்ணு."

நல்ல மனிதர்தான். மும்பையில் வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது வளாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு நான்கு நிமிட நடை. இடம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதை நான் ஆறு வருடமாகப் பார்த்து வந்தேன்.

அந்த ஆறு வருடமும் எனக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தாராவியிலிருந்து சயான் வரை நடை, குர்லாவில் இறங்கி வண்டி மாற்றம், கடைசியில் ஷேர் ஆட்டோ. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தியது பெண்கள் பெட்டியில் நின்றபடிதான். முன்னால் நின்றவளின் முதுகில் தாளை வைத்துப் பென்சிலால் குறித்தேன்.

அதனால் ஒரு விதி வைத்தேன். வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் விண்ணப்பமே கிடையாது. இதைக் கேட்டவர்களெல்லாம் எனக்குப் பயம் என்றோ, அம்மாவை விட்டுப் போக மனமில்லை என்றோ முடிவு கட்டினார்கள். அம்மாவே ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஏட்டி, எனக்காவ இங்கன கெடக்காத. எனக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு."

பயமும் இல்லை, தியாகமும் இல்லை. இது என் ஊர். நான் ஆராய்கிற பாக்டீரியாக்கள் இந்த ஊர்ச் சாக்கடை நீரில் இருக்கின்றன. பிறர் என்னை ஒரு பொருட்டாக மதிக்க நான் மட்டும் ஏன் விமானம் ஏற வேண்டும்? நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது.

என் விதிக்குள் அடங்கியது ஒரே ஒரு இடம், செம்பூரில் ஒரு ஆய்வகம். அதிலும் ஒரு நிபந்தனை: காலை ஏழு மணிக்கு அளவெடுப்பு தொடங்கும், தொலைவில் இருப்பவர்கள் யோசித்து விண்ணப்பிக்கவும். யோசிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். மூன்று காலைகள் போய்ப் பார்ப்பது, ஒவ்வொரு நாளும் நேரம் குறிப்பது என்று நோட்டில் கோடு போட்டேன். முதல் வரியில் 'புறப்படும் இடம்' என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் கல்லூரியில் நான் மாட்டுங்காக்காரி. சேர்ந்த முதல் நாள் சீனியர் ஒருத்தி எங்கே வீடு என்று கேட்டபோது, வாய் தானாகவே மாட்டுங்கா என்று சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் பாதிப்பேர் பயோடேட்டாவில் பக்கத்திலுள்ள மாஹிமிலோ சயானிலோதான் குடியிருக்கிறார்கள். என் பொய்க்கு மட்டும் ஒரு மழை நாளில் சோதனை வந்தது. மாட்டுங்காவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போன கைடு, வழியில் இறக்கிவிடுகிறேன் என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். ஏதோ ஒரு கட்டடத்தைக் காட்டி இறங்கி, வாட்ச்மேன் முறைக்க முறைக்க, கார் திரும்பும்வரை கேட் அருகே நின்றேன். பிறகு தாராவி வரை நனைந்துகொண்டே நடந்தேன்.

தொடங்கும் இடமே பொய்யாக இருந்தால் அளவு எதற்கு ஆகும்? 'தாராவி, எங்கள் சந்து' என்று எழுதினேன். சயானில் பழைய பாலத்தை இடித்துப் போட்டிருந்த சமயம். நடைமேம்பாலத்தில் அந்த அதிகாலையிலேயே நெரிசல். திங்கள் நாற்பத்தொரு நிமிடம். செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் குர்லாவில் சிக்னல் கோளாறு, ஐம்பத்திரண்டு. விண்ணப்பத்திலும் தாராவி என்றே எழுதி அனுப்பினேன்.

நேர்முகத்தில் மூன்று பேர். தலைவர் இரண்டு தாள்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் கைடின் பரிந்துரைக் கடிதம், மாட்டுங்காவில் வசிப்பதால் போக்குவரத்துச் சிக்கல் இல்லை என்கிறது. நீங்கள் தாராவி என்கிறீர்கள். எது உண்மை?"

காது இரண்டும் சுட்டது. இதைத் தவிர வேறு எங்கும் நான் விண்ணப்பித்திருக்கவில்லை.

"விண்ணப்பத்தில் இருப்பதுதான் உண்மை. அவரிடம் பொய் சொன்னது நான். அதற்கு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். தாராவிக்குக் குறைக்காதீர்கள்" என்று சொல்லி நோட்டை மேசையில் வைத்தேன்.

மூவரில் ஒரே பெண்ணாக இருந்தவர் அதை எடுத்துப் படித்தார். "ஐம்பத்திரண்டு உங்களுக்குப் பாதகமாயிற்றே, ஏன் நீக்கவில்லை?"

"அன்றைக்கு அவ்வளவு ஆனது."

அவர் நோட்டை மூடிவிட்டுப் பாக்டீரியாக்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் யாரும் என் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேலை எனக்கு என்று கடிதம் வந்தது.

கைடுக்குப் போன் செய்து வேலை கிடைத்ததைச் சொன்னேன், பொய்யையும் சொன்னேன்.

"அன்னிக்கு மழையிலே எறக்கி விட்டேனே, அது யாராத்து வாசல்?"

"எனக்கும் தெரியாது சார்."

"அப்புறம் நீ எங்கே போனே?"

"நடந்து வீட்டுக்குப் போனேன்."

"சொல்லியிருக்கப்படாதோ? வாசல்லயே விட்டிருப்பேனே."

"எங்க சந்துக்குள்ள கார் வராது சார். நீங்களும் எறங்கி நடந்திருக்கணும். இப்பவும் வாங்க. சயான் ஸ்டேஷன்ல இருந்து பதினாலு நிமிஷம். அளந்து வச்சிருக்கேன்."