மகளுக்கு வாங்கிய கீரை

லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதரின் வாயில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். “எனக்கென்ன குறை?” அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுக்க ஏமாந்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலியானபோது மேனேஜர் இவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார். “எனக்கென்ன சார் குறை, இருக்கிறதே போதும்” என்றார் இவர். மேனேஜர் இன்னொரு தடவை வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தாராம். எந்த ஊர் மேனேஜர் வற்புறுத்தினார்? நேற்று வந்தவனுக்கு அந்த நாற்காலி போயிற்று. கடைசி நாள் வரை அவனை ‘சார்’ போட்டுக் கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்” என்பாள் மனைவி. “நீங்க அழவும் மாட்டீங்க. உங்க பசியை ஊர்ல இருக்கிறவங்க கண்டுபிடிச்சு ஊட்டணும்.”

ஒரே மகள். மருந்து கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில், ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருந்தாள். அவள் ஒருநாள் போனில் சொன்னாள், கம்பெனியில் இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்று இந்த ஊர்க் கிளையில். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று கடல் தாண்டி. எது வேண்டும் என்று அவளே சொல்லலாம். “நேர்ல வந்து உங்க கூடப் பேசிட்டுத்தான் முடிவு பண்ணுவேன்” என்றாள்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் வீட்டோடு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவளுடைய அறையில் கிடந்த பழைய சாமான்களை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டார். ஜன்னல் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

“வந்ததும் வாயைத் திறந்து கேட்டுடுங்க. இங்கயே வந்துடும்மான்னு ஒரு வார்த்தை. முத்தா உதிர்ந்துடும்?” என்றாள் மனைவி.

“கேட்டு வாங்குறது பாசமா? அவளுக்குத் தானா தோணணும்.”

தோன்ற வைப்பதற்கு அவர் பிடித்த வழிதான் மைக்ரோகிரீன். விதை முளைத்து இரண்டு இலை விட்டதுமே, வளரவிடாமல் கத்தரித்து விற்கிறார்களே, அந்தக் குட்டிக் கீரை. மகள் அதைப் பச்சையாகவே முட்டைமேல் தூவுவாள், ரொட்டிக்கு நடுவே வைப்பாள், சூப்பில் போடுவாள். ஒருமுறை வீடியோவில் தட்டைக் காட்டி, “உங்க ஊருக்கு வந்தா எனக்கு இது கிடைக்குமாப்பா?” என்று சிரித்திருந்தாள். விளையாட்டுப் பேச்சு. இவர் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். கீரை இந்த ஊரிலும் கிடைக்கிறது என்று காட்டிவிட்டால் அவளுக்கு இங்கே வேறென்ன குறை?

ரயில் நிலையத்துக்குப் பின்னால் கூடும் சந்தையில் அலைந்து பிடித்தார். ஒரு பெண் தட்டுத் தட்டாக வளர்த்து, கேட்பவர்களுக்குக் கண்ணெதிரே கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்தாள். முள்ளங்கி, பட்டாணி, கடுகு எல்லாம் கலந்து வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நன்றாக அலசி, ஈரம் சொட்டச் சொட்ட டப்பாவில் அடைத்து, பிரிட்ஜில் ஆழத் தள்ளினார். வருவதாகச் சொன்ன நாளில் மகள் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். திறந்து பார்த்தால் கொழகொழவென்று கறுத்து, மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கடைக்காரப் பெண் சிரித்தாள். “குளிப்பாட்டியா வச்சீங்க? கழுவாம வைங்க ஐயா. டப்பாவுல கீழயும் மேலயும் டிஷ்யூ பேப்பர் போடுங்க. பேப்பர் நனைஞ்சா மாத்துங்க. ரொம்ப உள்ள தள்ளினா ஐஸ் பிடிச்சுச் செத்துடும். சாப்பிடுற நேரத்துல எடுத்துக் கழுவுங்க, போதும்.”

அதன்பிறகு பார்க்க வேண்டும் அவரை. லிப்ட் கம்பிக்கு மசகு போட்ட கைகள் டிஷ்யூவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தன. மனைவியின் தக்காளியெல்லாம் மேல் தட்டிலிருந்து நாடு கடத்தப்பட்டது. மகள் வருகிறேன் என்பாள், இவர் ஓடிப்போய்ப் புதுசு வாங்குவார், மகள் வரமாட்டாள். வாடத் தொடங்கியதை எறிய மனம் வராமல் தானே தின்பார். பட்டாணி பச்சைப் புல்லாக இருந்தது. முள்ளங்கி நாக்கைச் சுட்டது.

“ஆடுகூட ஒரு நிமிஷம் யோசிக்கும்” என்றாள் மனைவி.

ஒருவழியாக மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்க நேரே பிரிட்ஜைத்தான் திறந்தாள். அவள் கை டப்பாவில் நின்றது. மூடியைத் திறந்தாள், டிஷ்யூவை விலக்கினாள், கண் விரிந்தது.

“அப்பா! இது யாருக்கு?”

யாருக்கு! ‘உனக்குத்தாம்மா’ என்று ஒரு சொல் போதும். அதற்காகத்தானே ஐயா இத்தனை நாள் சந்தைக்கும் வீட்டுக்கும் நடந்தீர்? ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், இத்தனை நாள் காத்திருந்ததும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே. மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“யாருக்குன்னா? நாங்கதான் தினமும் சாப்பிடுறோம்” என்றார். “உடம்புக்கு நல்லதாச்சே.”

அடுப்பருகே நின்ற மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையில் மகள் பேச்சை எடுத்தாள். அம்மா சுற்றி வளைக்கவில்லை. “இங்கயே வந்துடுடி. அப்பாவும் அதைத்தான் நினைக்கிறார்.”

“நீங்க அப்படித்தாம்மா சொல்லுவீங்க. நான் காலேஜ் போனப்பவும் இதையேதான் சொன்னீங்க.” மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “உண்மையைச் சொன்னா, இங்க வந்துடலாம்னு பாதி முடிவோடதான் வந்தேன்ப்பா. ரெண்டு பேரும் எதைத் தின்னுக்கிட்டு எப்படிக் கிடக்குறீங்களோன்னு பயம். பிரிட்ஜைத் திறந்ததும் அந்தப் பயமே போயிடுச்சு. என்னைவிட நல்லா உங்களைப் பாத்துக்குறீங்க. நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்தே ஆகணுமா?”

மேசைக்கு அடியில் மனைவியின் கால் அவர் காலை ஓங்கி மிதித்தது. அவருக்கு வலித்தது. வாயைத் திறந்தார். நாற்காலி போன அன்றைக்கு வந்த அதே வாக்கியம்தான் வந்தது.

“எனக்கென்னம்மா குறை? உன் வசதியைப் பாரு.”

மகள் எழுந்து வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அவருடைய தட்டில் ஒரு பிடி கீரையைத் தூவினாள். அவர் தின்றார்.

அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய பிறகு மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, தக்காளியை எடுத்து மறுபடி மேல் தட்டில் அடுக்கினாள். டப்பா கீழே போயிற்று.

ஆனால் டப்பாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. கடல் தாண்டிப் போன மகள் வாரம் தவறாமல் வீடியோவில் வருகிறாள். அம்மாவின் முழங்காலை விசாரித்த கையோடு, “அப்பா, கீரை சாப்பிடுறீங்கதானே? காட்டுங்க” என்கிறாள். காட்ட வேண்டுமே! அதற்காக வாரா வாரம் சந்தைக்குப் போகிறார். கழுவாமல் வைக்கிறார், பேப்பர் மாற்றுகிறார், பச்சை மாறாத டப்பாவைத் திறந்து போனுக்கு முன்னால் பிடிக்கிறார், ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லுகிறார்.

போன வாரமும் அப்படித்தான். வாய் நிறைய முள்ளங்கிக் கீரை. மகள் கேட்டாள், “லீவு கொஞ்சம்தான் இருக்குப்பா. இந்த வருஷம் வரட்டுமா, இல்ல சேர்த்து வச்சு அடுத்த வருஷம் வரட்டுமா?”

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவசரமாக மென்று விழுங்கினார்.

“உன் வசதியைப் பாரும்மா” என்றார்.