வண்டல் மண்ணில் கோமதி அக்காவின் பெயர்

கோமதி அக்கா எழுதாத ஒரு வரியை அவர் பெயரில் அச்சிட்டார்கள். அந்த வரியை நம்பி இன்று பொங்கலூர்ப் பக்கத்து வயல்களில் விஷ மண்ணைக் கொட்டுகிறார்கள். அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு தொடக்கம் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் நல்லூரில், பனியன் கம்பெனி வேன்கள் மறித்து நின்ற சந்தில் பைக்கை உருட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் அழைத்தார். "கண்ணு, உங்கக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சு." பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா பொங்கலூர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நீர் மாசை ஆராயும் ஒரு தனியார் நிறுவனத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சாயக்கழிவோடு ஓடைக்குள் வந்த குரோமியம், செம்பு போன்ற உலோகங்கள் எங்கே போகின்றன என்று கணினியில் மாதிரி அமைத்துக் கணக்கிடுவது எங்கள் வேலை. ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தண்ணீர் ஓடும், எவ்வளவு உலோகம் சேற்றில் ஒட்டும் என்று கொடுத்தால், நாளை மழை பெய்தால் என்ன நடக்கும் என்பதை அந்த மாதிரி சொல்லும்.

நான் சேர்ந்த புதிதில் அவரிடம் சண்டை போட்டேன். என் பெற்றோர் தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். சாயப்பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தில், "இந்தக் கணக்கப் போட்டு யாருக்குக்கா லாபம்? போய் பட்டறைக் கதவ இழுத்துப் பூட்டச் சொல்லுங்க" என்றேன்.

"பூட்டுனா, உங்கம்மா எங்க சாமி வேலைக்குப் போவாங்க?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பிறகு, "கோவத்த வெச்சுக்க. கணக்கையும் வெச்சுக்க. ரெண்டுல ஒண்ணு இல்லீன்னா நம்மள யாரும் மதிக்க மாட்டாங்க" என்றார்.

பட்டறைகள் கழிவைச் சுத்திகரிக்கத் தொடங்கியபின் ஓடை தெளிந்தது. ஆனால் எங்கள் கணக்கு உதைத்தது. பல ஆண்டுகளாக உள்ளே போன உலோகத்தில் பெரும்பங்கு வெளியே வந்ததாகத் தெரியவில்லை. மாதிரியில்தான் பிழை என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஓடை என்ன பைப்பா கண்ணு? நம்ம சொந்தக்காரங்களாட்டந்தான். வாங்கி வெச்சுக்கும், கேட்டா இல்லீங்கும். மழை வந்து உலுக்குனாத்தான் வெளிய வரும்."

சேற்றை அள்ள, ஓடையின் குறுக்கே இருந்த தடுப்பணைக்குப் போனோம். எவர்சில்வர் கரண்டியில் அள்ளினால் அதிலுள்ள குரோமியமே சேற்றில் கலந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் போகும் வழியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் கரண்டியைக் கட்டுக் கட்டாக வாங்கினார். "ஏனுங்க, ஊட்ல விசேஷங்களா?" என்றார் கடைக்காரர். "ஆமாங்க, ஓடைக்குக் காதுகுத்து" என்றார் அக்கா. அந்த மனிதர் மொய் எழுத வர வேண்டுமா என்று கேட்டார்.

தடுப்பணைக்குள் மேலே கிடந்த சேறு பழுப்பு. ஒரு சாண் கீழே கறுப்பு. ஆய்வக முடிவு வந்ததும் கணக்கு நேரானது. காணாமல் போன உலோகம் முழுக்க அந்தக் கறுப்புச் சேற்றில்தான் உட்கார்ந்திருந்தது.

கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது எங்கள் பகுதியில் காலங்காலமாக உள்ள வழக்கம். அந்தத் தடுப்பணையையும் தூர்வாரி, மண்ணை விவசாயிகளுக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அக்கா பதறிப்போய், ஓடையைப் பற்றி எங்களிடம் கேட்டிருந்த அறிக்கையில், மண்ணுக்கென்று தனி அத்தியாயம் எழுதிச் சேர்த்தார். எங்கள் இயக்குநர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியப் பத்தித்தான கேட்டாங்க கோமதி? மண்ணப் பத்தி யாரு கேட்டா?" என்றார்.

"தண்ணிய யாருங்க சார் வயலுக்கு டிராக்டர்ல அடிக்கறாங்க?" என்றார் அக்கா.

அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த அத்தியாயம் இல்லை. அதற்குப் பதில் ஒரு வரி இருந்தது: ஓடை மீண்டுவிட்டது, வண்டல் மண் வேளாண்மைக்கு உகந்தது. அதற்குக் கீழே ஆய்வாளர் என்று அக்காவின் பெயர். திருத்தச் சொல்லி இயக்குநரின் அறைக்கு நடையாய் நடந்தார். "அடுத்த பதிப்புல பாக்கலாம்" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

அதையும் அவர் தாங்கியிருப்பார். அவர் ஊரில் நடந்ததைத் தாங்கவில்லை. மண் அள்ளத் தொடங்கிய அன்று, தன் ஊர்ப் பக்கமிருந்த அந்தத் தடுப்பணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். முதல் டிராக்டரை ஓட்டி வந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். "இத நம்ம தோட்டத்துல கொட்டாத. அத்தனையும் வெசம்."

தம்பி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க்கா, ஊருக்கே அந்தப் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டுனாங்க. உங்க பேரு போட்டிருக்குதுன்னுதானுங்க எல்லாரும் அள்றோம். எழுதறது ஒண்ணு, பேசறது ஒண்ணுங்களா?"

"நான் எழுதுலடா."

"அப்ப உங்க பேரு எப்படீங்க வந்துச்சு?"

கரையில் நின்றவர்களில் யாரோ, "பெரிய எடத்துல குடுத்த காசு பத்துலயாட்டம் இருக்குது" என்றார். சிரித்தார்கள். அக்கா வழிவிட்டார். திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு மண் வண்டியையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நேற்று அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். படத்துக்கு ரோஜா மாலை. "ஓடை மீண்டது என்று உலகுக்குச் சொன்னவர் நம் கோமதி" என்று இயக்குநர் மைக்கில் பேசினார். அக்கா, உங்களுக்கு விடை கொடுக்கத்தான் வந்தேன். போய் வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கும் அதே பொய்யை உங்கள் வாயில் திணித்ததைக் கேட்டபின் அந்தச் சொல் வரவில்லை.

எழுந்து கேட்டேன். "சார், அக்கா எழுதின மண் அத்தியாயத்த எப்ப போடுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. என்னோடு வேலை செய்பவர்கள், அந்தச் சேற்றின் ஆய்வு முடிவைப் படித்தவர்கள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் மறுபடியும் கேட்டேன். "டிராக்டர எப்ப சார் நிறுத்துவீங்க?"