காந்தா பிரித்த பெட்டிகள்

காந்தாவின் கையில் மூடிய பெட்டி எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பிரித்துவிடுவாள். அது அவள் குணம் என்பதைவிடத் தொழில் என்று சொல்வதுதான் நியாயம். பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வளையல் கடையில் கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கண்ணாடி வளையல் கேட்டு வருகிறவர்களிடம் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுப்பது அந்தக் கடையில் பெரிய குற்றம். பெட்டியைப் பிரித்து, வளையல்களைக் கையில் கோத்து, ஒரு குலுக்குக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எதிலாவது விரிசல் இருந்தால் சத்தம் மட்டமாக வரும். அதை எடுத்துப் போட்டுவிட்டு நல்லதை வைத்து, பழைய கன்னடப் பேப்பரில் சுருட்டி, "ஊருக்குப் போயி பிரிச்சாலும் ஒண்ணும் ஒடஞ்சிருக்காது, தைரியமா எட்த்துனு போங்க" என்று கொடுப்பாள். முதலாளி இருக்கிறாரா என்று கேட்காமல் காந்தா இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு வருகிற வாடிக்கை அந்தக் கடைக்கு உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், பெட்டியைப் பிரிக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற மனிதர். கடவுளுக்குச் சில நேரம் வேறு வேலை இருப்பதில்லை.

முனிராஜுக்கு அல்சூர் பக்கம் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஊரில் யார் யாருடைய கார்களையோ பளபளவென்று ஆக்கி அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஜோகுபாளையத்து வீட்டுக்கு பஸ்ஸில் வருவார். அதே கராஜில் மெக்கானிக்காக இருந்த டெஸ்மண்ட் அவருடைய உயிர் நண்பர். பிரேசர் டவுன்காரரான அந்த ஆங்கிலோ இந்தியருக்கு மெல்போர்னில் ஓர் அக்கா. கிறிஸ்துமஸுக்குத் தம்பிக்கு சாக்லேட் அனுப்பும்போது, தம்பியின் கார்ப் பைத்தியச் சிநேகிதனுக்கு ஒரு மாடல் கார்ப் பெட்டியும் சேர்த்து அனுப்புவாள். பொம்மைக் கார் என்று நினைத்துவிடக் கூடாது. நிஜக் காரை அளவு பிசகாமல் கையடக்கமாகச் சுருக்கி, கதவு, பம்பர், எஞ்சின், ஸ்டீயரிங் என்று துண்டு துண்டாகப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நாமே ஒட்டி, பெயிண்ட் அடித்து, காராக்கிக்கொள்ள வேண்டும்.

1991 வைகாசியில் கல்யாணம். வீட்டுக்கு வந்த முதல் வாரமே அலமாரியின் மேல் இருந்த பெட்டியை இறக்கினாள் காந்தா. மேலே ஐம்பத்தேழாம் வருஷத்து செவ்ரோலே காரின் படம், சுற்றிலும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை. நகத்தால் உறையின் ஓரத்தைக் கீறப் போனவளிடமிருந்து முனிராஜ் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"பிரிச்சா போச்சு, காந்தா!"

"பின்ன எதுக்கு இது? பூஜை பண்றதுக்கா?"

"செய்வேன். தனியா ஒரு ரூம், ஒரு டேபிள், நல்ல லைட்டு, எல்லாம் அமையட்டும். அவசரத்துல செய்யற வேலை இல்ல இது."

ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. புதுப் பெண்டாட்டி என்பதால் அடக்கிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் அடக்கிக்கொள்ளவில்லை. காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலவரம் கிளம்பி, தமிழ்க் குடும்பங்கள் பயந்து போயிருந்த நேரம். டெஸ்மண்ட் ஒரு வேனோடு வந்து, "முனி, ஏறு மேன், பேசாம என் வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார். காந்தா அரிசியையும் ஸ்டவ்வையும் கல்யாணப் புடவையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே துண்டில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முனிராஜ் ஏறினார். பிரேசர் டவுனில் இறங்கித் துண்டை விலக்கினால், செவ்ரோலே. அத்தனை பயத்திலும் அவள் திட்டின திட்டைக் கேட்டு டெஸ்மண்டின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். ஊர் அடங்கி வீடு திரும்பிய பிறகும் பல வருஷம் காந்தா இந்தக் கதையைக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் சிரித்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

வருஷத்துக்கு வருஷம் பெட்டிகள் பெருகின. மெல்போர்ன் அக்கா அனுப்பியவை, கமர்ஷியல் தெருவில் மிச்சம் பிடித்து வாங்கியவை, ஊரைக் காலி செய்துகொண்டு போன வெளிநாட்டுக் குடும்பங்கள் கழித்துக் கட்டியவை என்று கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் அடுக்கு அடுக்காக ஏறின. எல்லாமே உறை பிரியாதவை. தனி அறை அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முனிராஜ் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, படத்தைப் பார்த்து, இந்தக் காருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று யோசித்துவிட்டுத் திரும்ப வைப்பார். காந்தா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். சொல்லப்போனால் அவர் வாய் ஓயாமல் பேசுவது அந்த ஒரு வேளைதான்.

2004இல் இருமல் வந்தது. முதலில் பனி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள். கடைசியில் டாக்டர், இத்தனை வருஷம் சுவாசித்த பெயிண்ட் புகை நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, இனி ஸ்ப்ரே இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். முனிராஜ் வீட்டோடு வந்து உட்கார்ந்தார். காந்தாவின் சம்பளத்தில் குடும்பம் எப்படியோ நகர்ந்தது. அது அவளுக்குப் பெரிய கவலையாக இல்லை. மனிதர் பேசுவதை நிறுத்தியதுதான் பெரிய கவலை. ஞாயிறு வந்தது, பெட்டியைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறும் தொடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்தையும் வித்துடு. இனிமே எதுக்கு?" என்றார். கலவரத்தில் நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்த மனிதர் சொல்கிற பேச்சா இது? காந்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இருந்தாலும், பெட்டிகள் கண்ணை விட்டுப் போனாலாவது மனிதர் தேறுவாரோ என்று சொன்னதைச் செய்தாள். மாடி அறையில் குடியிருந்த சௌம்யா, ஈரோட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். இன்டர்நெட்டில் ஏலம் விடுகிற வெப்சைட் ஒன்று இருக்கிறது, உலகத்தில் எங்கிருந்தும் வாங்குவார்கள் என்று சொல்லி, அவளே கேமராவால் பெட்டிகளைப் படம் பிடித்துப் போட்டாள். முதலில் செவ்ரோலே. இரண்டே நாளில் இங்கிலாந்தில் ஒருவர் எடுத்துக்கொண்டார். சௌம்யா துள்ளிக் குதித்தாள். முனிராஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை காந்தா கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்சல் கட்ட உட்கார்ந்தாள். முனிராஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கட்டும்போது அவள் கை சும்மா இருக்குமா? கடல் தாண்டிப் போகிற சரக்கு, உள்ளே எது உடைந்திருக்கிறதோ, எது குறைகிறதோ, பார்க்காமல் ஒரு ஆளிடம் எப்படிக் கொடுப்பது? கத்தியை எடுத்தாள். செவ்ரோலேயின் உறை கிழிந்தது. கிழித்தது நல்லதாய்ப் போயிற்று என்று அவள் நினைத்தாள். உள்ளே ரப்பர் டயர்கள் வருஷக்கணக்காக பிளாஸ்டிக் முன் கண்ணாடியின் மேலேயே கிடந்து, கண்ணாடியை இளக்கிப் பள்ளம் போட்டிருந்தன. மற்ற பெட்டிகளும் இப்படித்தான் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தனையையும் இழுத்துப் போட்டு ஒரு கை பார்த்தாள். கெட்டது சில, தப்பித்தது பல. தப்பித்தவற்றின் டயர்களைத் தனித்தனியாகப் பேப்பரில் சுருட்டி வைத்தாள். சாயங்காலம் இறங்கி வந்த சௌம்யாவிடம் பெருமையாகக் காட்டினாள்.

சௌம்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, என்னங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! சீல் பிரிக்காத பொட்டின்னுதான அவங்க வெலை குடுக்கறாங்க! பிரிச்சா பாதிக்குக்கூடப் போகாதுங்களே!"

காந்தாவுக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் வாசலில் முனிராஜ். அறை முழுக்கக் கிழிந்த பிளாஸ்டிக், திறந்த பெட்டிகள், நடுவில் பெண்டாட்டி.

"பிரிச்சிட்டியா" என்றார். திட்டவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பிற்பாடு காந்தா டெஸ்மண்டிடம் சொல்லி அழுதாள். மனிதரை எழுப்பி உட்கார வைக்கப் பார்த்தவள், கடைசியாக அவரிடம் மிச்சமிருந்ததையும் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டாள்.

இங்கிலாந்துக்காரருக்கு நடந்ததை அப்படியே எழுதும்படி சௌம்யாவிடம் சொன்னாள். நான் வளையல் கடைக்காரி, பார்க்காமல் கொடுத்துப் பழக்கமில்லை, பார்த்ததில் கண்ணாடி கெட்டிருக்கிறது, பார்க்காமல் அனுப்பியிருந்தால் நீங்கள் ஏமாந்திருப்பீர்கள் என்று. அவர் உருகிவிடவில்லை. நான் பெட்டியைத் திறப்பதாகவே இல்லை, உள்ளே எப்படி இருந்தால் எனக்கென்ன என்று பதில் போட்டு, வேண்டாம் என்றுவிட்டார். போகிற போக்கில் வெப்சைட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில், "இந்த ஆள் பெட்டியைத் திறந்து பார்ப்பவர், ஜாக்கிரதை" என்றும் எழுதி வைத்தார்.

"தொறக்கவே மாட்டானாமா? பின்ன எதுக்கு அவனுக்குக் காரு?" என்று கத்தினாள் காந்தா. கத்தி முடித்த பிறகுதான் அதே ஜாதி மனிதர் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அன்று மத்தியானம் மனசு கேட்காமல் சீக்கிரம் வந்தாள். முனிராஜ் வாசல் வெளிச்சத்தில், முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் செவ்ரோலேயின் முன் கண்ணாடி. கராஜ் வேலைக்கு வைத்திருந்த மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்தப் பள்ளத்தைப் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொட்டை விழுந்த கார்க் கதவை வழவழப்பாக்குகிற அதே கை. தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"காந்தா, பழைய நைட்டி ஏதாச்சும் இருந்தா கிழிச்சுக் குடு. பாலிஷ் போடணும், துணி மெத்துனு இருக்கணும்."

எத்தனை மாசம் ஆயிற்று அந்தக் குரலில் அவள் பெயரைக் கேட்டு! உள்ளே ஓடியவளுக்குப் பழைய நைட்டி கண்ணில் படவில்லை, கண்ணில் தண்ணீர். கைக்குக் கிடைத்த புது நைட்டியையே பர்ரென்று கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. "அந்த வெள்ளக்காரன் எழுதுனான்ல, அதையே போர்டா மாட்டு" என்று சௌம்யாவிடம் சொல்லிவிட்டாள். வெப்சைட்டில் அவள் போடுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் முதல் வரி அதுதான்: இந்த ஆள் பெட்டியைத் திறந்து பார்ப்பவர். கீழே என்னென்ன இருக்கிறது, எது கெட்டிருக்கிறது, டயர் தனியாகச் சுற்றியிருக்கிறது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கும். பூட்டி வைக்கிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. உட்கார்ந்து ஒட்டுகிறவர்கள் வந்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தார்கள், நம் ஊர் ஜெயநகரிலிருந்தும் வந்தார்கள். வளையல் கட்டிப் பழகின கை கட்டிய பார்சல் ஒன்றாவது உடைந்து போனதாகப் பேச்சே இல்லை. கட்டிலடிப் பெட்டிகள் தீர்ந்த பிறகும் அவள் விடவில்லை. ஊரில் எங்கே பழைய பெட்டி இருந்தாலும் டெஸ்மண்டை அனுப்பி வாங்கி, பிரித்து, பார்த்து விற்றாள். பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் எடுத்துக் கொடுக்கிற வேலை முனிராஜுக்கும் தேடி வந்தது. ஒரு வளையல் கடைப் பெண்பிள்ளை, தெரியாமல் செய்த தப்பையே தொழிலாக்கிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. காலேஜ் படிப்பு படித்து நாம் என்ன கிழித்தோம்?

செவ்ரோலேயை மட்டும் முனிராஜ் தனக்கென்று வைத்துக்கொண்டார். ஸ்ப்ரே ஆகாது என்பதால், தண்ணீரில் கரைகிற பெயிண்டை மயிரிழைத் தூரிகையால் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து, ஆடி தொடங்கி ஆயுத பூஜைக்குள் முடித்தார். மயில் கழுத்து நிறம். தனி அறை இல்லை, டேபிளும் இல்லை. கவிழ்த்த முறம்தான்.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஓடுகிற வண்டி ஒன்றையும் விடமாட்டார்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினால்தான் பூஜை முடிந்ததாக அர்த்தம். காந்தா செவ்ரோலேயை வாசலில் கோலத்தின் நடுவில் வைத்தாள். எலுமிச்சம்பழம் காரின் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. யோசித்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் நான்கு சுண்டைக்காய் கொண்டுவந்து நான்கு சக்கரத்தின் கீழும் வைத்தாள். பூஜைக்கு வந்திருந்த டெஸ்மண்ட் சிரிப்பு தாங்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டுங்க" என்றாள் புருஷனிடம்.

முனிராஜ் ஒற்றை விரலால் தள்ளினார். சுண்டைக்காய் நசுங்கவில்லை. கார் எகிறிக் குதித்து, நிலைப்படியில் மோதிக் கவிழ்ந்தது. முன் சக்கரம் ஒன்று கழன்று வீட்டுக்குள் உருண்டு ஓடியது. காந்தா "ஐயோ!" என்று அலறி வாயைப் பொத்திக்கொண்டாள். டெஸ்மண்டின் சிரிப்பும் நின்றது. இருவரும் முனிராஜின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் காரை நிமிர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயில் கழுத்து நிறத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார்.

"போனா போவுது, காந்தா. ஒட்டிக்கலாம்" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமிக்கொண்டே இன்னும் சிரித்தார்.

காந்தா சக்கரத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டி ஒன்றுகூட இல்லாமல் துடைத்து வைத்தது மாதிரி இருந்த அந்த இடத்தில், சக்கரம் சுலபமாகக் கண்ணில் பட்டது.