என் கணவர் விட்டுக்கொடுத்த வெயில்

முதல் அறிகுறி ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று வந்தது. அன்று பூசைக்கு முன் எல்லோரும் கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றிப் பவனி வருவோம். ஃபாதர் வரக் கொஞ்சம் தாமதம். கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே பாடிக்கொண்டிருந்தோம். கன்னத்தில் வெயில் படிந்தது அப்போது சுகமாகவே இருந்தது.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னங்களையும் மூக்கையும் சேர்த்து ஒரு திட்டு. எங்கள் நிறத்தில் சிவப்பு என்பது சிவப்பாகத் தெரிவதில்லை, ஊதா கலந்த கறுப்பாகத்தான் தெரியும். அதனால் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. “வெயில்ல நல்லா கறுத்துட்ட லா ரீத்தா. கொஞ்சம் பவுடர் போடு,” என்றாள் ஆபீஸ் தோழி. நானும் போட்டேன். மாநிறமோ கறுப்போ, உங்கள் முகத்தில் இப்படி ஒரு திட்டு வந்து போகாமல் நின்றால், பவுடரைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வாயில் புண், குளித்துவிட்டு வந்தாலே படுக்கச் சொல்லும் அசதி, காலையில் மடங்க மறுக்கும் விரல்கள். என் மகள் ஏஞ்சலினுக்குப் பள்ளிக்குப் போகும்முன் தலை பின்னிவிடுவது என் வேலை. ஒருநாள் பாதிப் பின்னலில் விரல்கள் நின்றுவிட்டன. அவள் மீதியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு ஓடினாள். எனக்குப் பயம் வந்தது அன்றுதான்.

கிளினிக்கில் தோலுக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். கால் வீங்கியபோது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரத்தம், சிறுநீர், மறுபடியும் இரத்தம். அந்த நீண்ட நடைபாதையில் நானும் என் கணவர் லாரன்ஸும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். வேலை முடிந்து நேரே வந்திருந்ததால் சீருடையிலேயே தூங்கிவிட்டார். பெயரைக் கூப்பிட்டபோது என்னைவிட முதலில் எழுந்து நின்றவர் அவர்தான்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். “அக்கா, இது லூபஸ்,” என்றார். லூபஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடலையே தாக்கும் நோய்).

“வெயில்ல நின்னதாலயா டாக்டர்?”

“வெயில் காரணம் இல்லக்கா. உள்ள தூங்கிட்டு இருந்தத வெயில் தட்டி எழுப்பிருச்சு. நாம அத மறுபடி தூங்க வைக்கணும்.”

“எப்பங்க குணமாகும்?” என்று கேட்டவர் லாரன்ஸ்.

டாக்டர் பேனாவை மூடினார். “அடக்கி வைக்கலாம் அண்ணே. நல்லாவே அடக்கி வைக்கலாம்.”

நான் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரன்ஸ் அந்தப் பதிலை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்கவில்லை.

அதன்பின் வந்த மாதங்களை நான் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்ததாகத்தான் ஞாபகம். ஸ்டீராய்டு (வீக்கத்தையும் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தையும் அடக்கும் மருந்து) முகத்தை உப்ப வைத்தது. நடுச்சாமத்தில் விழிப்பு, பட்டப்பகலில் தூக்கம். புற ஊதாக் கதிர் (கண்ணுக்குத் தெரியாமல் தோலைத் தாக்கும் வெயிலின் ஒரு பகுதி) சன்னல் கண்ணாடி வழியாகவும் ஓரளவு உள்ளே வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டின் சன்னல்களுக்கு லாரன்ஸ் கனத்த திரை மாட்டினார். திரைக்கும் தரைக்கும் நடுவே மட்டும் ஒரு விரற்கடை வெளிச்சம் உள்ளே வரும். காலையில் அது நாற்காலிக் காலடியில் இருக்கும், மதியத்தில் காணாமல் போகும். மணி என்ன, என்ன கிழமை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கீற்று நகர்வதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

லாரன்ஸ் பொழுது விடியும்முன் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த இருட்டில் என் பக்கத்தில் வந்து படுப்பார். இரண்டு பேரும் ஒரே கனவில் கிடந்தது போலத்தான் இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வெளியே போனால் முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. சன்பிளாக்கை வெளியே கிளம்புவதற்கு முன்னாலேயே பூசி, வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். கடைத்தெருவில் தெரிந்தவர்கள், “அலாமாக், வெள்ளைக்காரியா ஆகப் போறியா?” என்று மலாய் கலந்து கேட்டுச் சிரிப்பார்கள். தோலைக் காப்பதற்கும் நிறத்தைக் காப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று ஒவ்வொருவருக்கும் வகுப்பெடுக்க எனக்குத் தெம்பில்லை. “ஆமா, மாப்பிள்ளை பாக்குறாங்க,” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

ஏஞ்சலின் பள்ளியில் ஓட்டக்காரி. அவளுக்கும் இந்த நோய் வந்துவிடுமோ என்று, சன்பிளாக்கை அப்பி, மாவு டப்பாவில் விழுந்த பூனையாக்கித்தான் அவளை வெளியே அனுப்புவேன். டாக்டர்தான் என்னைத் தடுத்தார். “உங்க கட்டுப்பாடு உங்களுக்குதான்கா. அவளுக்கு வெயில் வேணும். உச்சி வெயில்ல பயிற்சின்னா தொப்பி, சன்பிளாக். மத்த நேரம் ஓடட்டும் விடுங்க.” விட்டேன். வீட்டில் இன்னொருவருக்கும் வெயில் வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

லாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டெதிர்த் திடலில் பந்து விளையாடுபவர். அதை நிறுத்தியிருந்தார். கேட்டால், “வயசாயிருச்சு,” என்பார். துணி காயப்போடுவதைக்கூட இருட்டியபின்தான் செய்தார். இரவு ஷிப்ட் அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவருடக் கிறிஸ்துமஸ் முடிந்த சமயம், ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளிட்ட லாரன்ஸால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழேயே இருந்தார். பக்தி முற்றிவிட்டது என்று சிரிக்க வாயெடுத்தவள், அவர் பெஞ்சை இழுத்து இழுத்துத் தோற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நானும் ஏஞ்சலினும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

கிளினிக்கில் இருந்த மலாய்க்கார டாக்டர் தொடையையும் இடுப்பெலும்பையும் அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், பகலில் வெளியே போவதே இல்லையா என்று கேட்டார். லாரன்ஸ் சுவரைப் பார்த்தார். வைட்டமின் டி (வெயில் பட்ட தோலில் உடல் தானே செய்துகொள்ளும் சத்து, எலும்புக்கும் தசைக்கும் இது வேண்டும்) மிகவும் குறைந்திருந்தது. கறுத்த தோலுக்கு வெயில் கொஞ்சம் கூடுதலாகவே பட வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். தினமும் கொஞ்ச நேரம் கை கால் திறந்தபடி வெளியே நில்லுங்கள், தோல் சுடத் தொடங்கும்முன் நிழலுக்கு வந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

காரில் ஏறியதும் கேட்டேன். “ஏங்க, எதுக்கு செவுத்த பாத்தீங்க?”

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். “போன சாம்பல் புதன்ல நேர்ந்துகிட்டேன்.”

“என்னன்னு?”

“உனக்கு குணமாகிற வரைக்கும் வெயில விட்டுடறேன்னு.”

சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விடுவது எங்கள் வழக்கம். ஒறுத்தல் என்போம். ஈஸ்டர் வந்தால் அது முடிந்துவிடும். இவருடையதற்கு ஈஸ்டரே இல்லை.

“மத்தவங்க எறச்சிய விடுவாங்க, பீர விடுவாங்க. நீங்க சூரியனையா விட்டீங்க?”

“பீர விட்டா உனக்கு என்ன ஆகப்போகுது? உனக்கு எது கெடைக்கலையோ அததானே நானும் விடணும்.”

நெஞ்சு நெகிழ்ந்தது என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது கோபம்தான். இந்த வீட்டில் ஒருத்தி இருட்டில் கிடப்பது போதாதா? என் நோய் அவர் எலும்பையும் தின்ன நான் எப்போது சம்மதித்தேன்? வீடு வந்ததும் உள்ளே போய்த் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாத்திரையை மறக்காமல் விழுங்கினார். வெளியே மட்டும் வரமாட்டேன் என்றார். “சாமிகிட்ட சொன்னத மாத்த முடியாது ரீத்தா. உனக்கு குணமாகட்டும்.” மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக இழுத்து ஏறுவார். ஏஞ்சலின் அவருக்குப் பின்னாலேயே ஏறுவாள், விழுந்தால் பிடிக்க.

என் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன். “நான் குணமாயிட்டேனா?”

அவர் முடிவுகளைப் பார்த்தார். “யூரின் சுத்தமா இருக்கு. பிளட் அமைதியா இருக்கு. நாங்க இத ரெமிஷன்னு சொல்வோம்கா.” ரெமிஷன் (நோய் உள்ளே இருந்தும் அடங்கியிருக்கும் நிலை).

“மாத்திரைய நிறுத்திடலாமா?”

“இல்ல. அது தொடரணும்.”

“குடை?”

“அதுவும்தான்.”

“அப்ப குணமா, இல்லையா டாக்டர்? வீட்டுல ஒருத்தர் இதுக்குதான் காத்திருக்காரு.”

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. “இதுக்கு மேல நான் காட்டறதுக்கு எதுவும் இல்லக்கா. இத என்னன்னு சொல்றது உங்க கையிலதான் இருக்கு.”

வெளியே அதே நடைபாதை. அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். விரல்களை மடக்கிப் பார்த்தேன், மடங்கின. பழைய உடம்பு திரும்பி வரும் என்று இத்தனை நாளும் நானும்தான் காத்திருந்திருக்கிறேன். அது வரப்போவதில்லை. வந்திருப்பது இதுதான், முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் இந்த உடம்பு. அதை யாரோ பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது போல மெல்லப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து லாரன்ஸை எழுப்பினேன். “எனக்கு குணமாயிருச்சு.”

அவர் என் சட்டையையும் கையிலிருந்த குடையையும் பார்த்தார். “பொய் சொல்லாத லா.”

“நீளமா சட்ட போட்டா சீக்காளியா? காலையில கை மடங்குது. புள்ளைக்கு தலை பின்றேன். மாடி ஏறுறேன், நீங்கதான் ஏற முடியாம நிக்கிறீங்க. குணம்னா இதுதாங்க. இதுக்கு மேல ஒண்ணு வராது. நீங்க கேட்டது எனக்காக. கெடைச்சிருச்சு, நான் வாங்கிக்கிட்டேன். போதும், வெளிய போங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி அழுதார். சத்தமில்லாத அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரைக்கடியில் அந்த வெளிச்சக் கீற்று நாற்காலிக் காலைத் தாண்டிப் போனது.

இப்போது அவர் வேலை முடிந்து வந்ததும் படுப்பதில்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, அரைக்கால் சட்டையோடு திடலை மெதுவாகச் சுற்றி வருவார். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவர் திரும்பி வரும்போது என் பகல் தொடங்குகிறது. சாயங்காலம் வீட்டு நிழல் திடலின் பாதியைத் தொட்டதும் குடையோடு நானும் அவரோடு நடக்கிறேன். கடிகாரத்தை மறந்து வெகுநாளாகிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு வெயில் ஆகாது, மற்றவருக்கு வேண்டும் என்றிருந்தால், ஆளுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பாசத்தை வைத்து அதைப் பங்கு போடாதீர்கள். நாங்கள் போட்டுப் பார்த்துவிட்டோம்.

இந்தக் குருத்தோலை ஞாயிறன்று நான் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பவனியின் பாட்டு வெளியே சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனது, ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் எழுந்தது. முதல் வருடம் நான் நின்ற இடத்தை அவர்கள் இப்போது கடந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஏக்கமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு கதவுகள் திறந்தன. ஏஞ்சலின் தொப்பியோடு முன்னால் வந்தாள். லாரன்ஸ் பின்னால், கொஞ்சம் தாங்கித் தாங்கி, ஆனால் யாரையும் பிடிக்காமல் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வியர்த்திருந்தார். தன் ஓலையை என் கையில் கொடுத்தார்.

ஓலை இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.